கதைப்படம் எடுக்கப் பழகும் மாணவர்களுக்கு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கல்லூரியில் படித்துக்கொண்டே குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆவணப்படம், ரீல்ஸ், பாட்டுக் காணொளி பற்றி இதில் எதுவும் இல்லை. நடிக்க ஆள் வைத்து ஒரு கதையைச் சொல்லும் படம் மட்டும்தான். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுவதைக் கவனிப்பீர்கள்: இந்த நொடியில் பார்க்கிறவருக்கு என்ன தெரிய வேண்டும், என்ன தெரியக் கூடாது? கதை எழுதுவதும் கேமரா வைப்பதும் ஒலி சேர்ப்பதும் வெட்டுவதும் அதை முடிவு செய்கிற வேலைதான்.

சென்னைக்குப் போகாமல் இங்கே இருந்தே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். அடிப்படைகளுக்குச் சென்னை தேவையே இல்லை.

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படத்தை 1910களின் பிற்பகுதியில் எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். மோட்டார் வியாபாரத்தில் இருந்தவர், புனேவில் ஒரு ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவை இயக்கப் பழகிக்கொண்டு வந்து, சென்னையில் ஸ்டுடியோ போட்டார். அவர் எடுத்த கதை மகாபாரதத்தில் வரும் கீசகன் வதம். பேச்சே இல்லாத படத்துக்கு, மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதையைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு சரியான கணக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

அதே மகாபாரதம்தான் நம் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்தாக நடக்கிறது. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ பாரதம் வைத்தால் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாருங்கள். துரியோதனன் நேராக ஆட்டக்களத்துக்கு வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வருகிறது, சலங்கை கேட்கிறது, கிரீடத்தின் உச்சி மட்டும் மேலே தெரிகிறது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கேள்வி மேல் கேள்வி கேட்டு வாயைக் கிளறுகிறான். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவன் யார், எப்பேர்ப்பட்டவன் என்ற எதிர்பார்ப்பு கூட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு பாத்திரத்தை அறிமுகம் செய்வதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. அதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், கதை சொல்லத் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

முதல் படம் எத்தனை நிமிடம் இருக்கலாம்?

மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். இரண்டு இடம், மூன்று ஆள். இதற்கு மேல் போனால் எடுத்து முடிக்க மாட்டீர்கள். பாதியில் நின்ற இருபது நிமிடப் படத்தைவிட முடிந்த மூன்று நிமிடப் படம் அதிகம் கற்றுக்கொடுக்கும், ஏனென்றால் எடிட்டிங்கில் உட்கார்ந்தால்தான் எடுத்ததில் எது குறைகிறது என்றே தெரியும்.

கதையே தோன்ற மாட்டேன் என்கிறது. எங்கே தேடுவது?

முதலில் எவற்றை விடலாம் என்று சொல்கிறேன். கடைசியில் "எல்லாம் கனவு" என்று முடிவது, காதல் தோல்வியில் நாயகன் சாவது, கடைசி நிமிடத்தில் கருத்து சொல்லும் குரல். இவை தோன்றுவது நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து அல்ல, பார்த்த குறும்படங்களிலிருந்து. கடைசியில் ஒரு திருப்பம் வைத்தே ஆக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. படுகளத்தன்று துரியோதனன் சாகப் போகிறான் என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் ஊரே கூடி நிற்கிறது. முடிவு தெரிந்த பிறகும் பார்க்க வைப்பதுதான் கதை.

நம் பக்கம் கதைக்குப் பஞ்சமே கிடையாது. ஆம்பூரில் விடிகாலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீடுகள், திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பாட்டிகள், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுக் கையில் வாடை போகாமல் கல்யாணத்துக்குப் போகிறவர், காட்பாடி ஜங்ஷனில் இறங்கி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் வெளிமாநிலத்துக் குடும்பம். ஆனால் ஒரு விஷயம். இவை எல்லாம் இடமும் ஆளும்தான், இன்னும் கதை ஆகவில்லை. அந்த ஆளுக்கு இன்றைக்கு ஒன்று வேண்டும், அது சுலபமாகக் கிடைக்காது என்ற நிலை வந்தால்தான் கதை தொடங்குகிறது.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன், பின்னால் வரும் பதில்களிலும் இதையே வைத்துப் பேசுவோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து, லாட்ஜில் அறை எடுத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். கடைப் பலகைகளில்கூட வங்காள எழுத்து இருக்கும். அப்படி ஒரு குடும்பத்தில் பத்து வயதுப் பையன். அம்மா அறையில் படுத்திருக்கிறாள், எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை, இளநீர் என்றால் குடிப்பாள். அப்பா பையனிடம் ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்து, கீழே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்புகிறார். தெருவில் இட்லிக் கடையும் இருக்கிறது, இளநீர் வண்டியும் இருக்கிறது. பையனுக்குத் தமிழ் தெரியாது. இளநீர் வாங்கிக்கொண்டு மேலே வருகிறான். "சாப்பிட்டாயா?" என்று அப்பா கேட்கிறார். பையன் தலையாட்டுகிறான்.

அவ்வளவுதான் படம். பையனுக்கு வேண்டியது இளநீர். தடை இரண்டு: மொழி, பணம். அவன் ஒரு முடிவு எடுக்கிறான், அதற்கு விலையாகத் தன் பசியைக் கொடுக்கிறான். கடைசியில் அவன் சொல்வது பொய் என்று நமக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. பார்க்கிறவரின் தொண்டையை அடைப்பது அந்த வித்தியாசம்தான். பின்னணி இசை போட்டு அதை உண்டாக்க முடியாது.

திரைக்கதையை எந்த வடிவில் எழுத வேண்டும்?

தமிழ் சினிமாவில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நடப்பதையும் வலப்பக்கம் வசனத்தையும் எழுதும் பழக்கம் உண்டு. நடுவில் வசனத்தை வைக்கும் ஹாலிவுட் வடிவமும் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எண், உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்பது மேலே இருக்க வேண்டும். "காட்சி 2, வெளியே, லாட்ஜ் தெரு, காலை" என்று எழுதினால் போதும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று சொல்வது அந்த ஹாலிவுட் வடிவத்துக்கான கணக்கு. கையால் எழுதிய தமிழ்ப் பக்கத்துக்கு அது பொருந்தாது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, நடித்தபடியே வாசித்து நேரம் பாருங்கள்.

வடிவத்தைவிட முக்கியமானது, கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டும் எழுதுவது. "பையனுக்குப் பசி, ஆனாலும் அம்மாவை நினைத்துக் கலங்குகிறான்" என்று எழுதினால் கேமராவுக்கு அதில் வேலையே இல்லை. "பையன் இட்லிக் கடை முன்னால் நிற்கிறான். இட்லிப் பானை மூடியைத் திறக்கிறார்கள், ஆவி எழுகிறது. கையில் இருக்கும் நோட்டைச் சின்னதாக மடிக்கிறான். திரும்பி நடக்கிறான்" என்று எழுதினால் எடுக்கலாம். ஒவ்வொரு வரியையும் படித்து, இதை எங்கே கேமரா வைத்துக் காட்டுவேன் என்று கேளுங்கள். பதில் வராத வரியை அடித்துவிடுங்கள்.

வசனத்தை எந்தத் தமிழில் எழுதுவது?

அந்த ஆள் எந்தத் தமிழில் பேசுவாரோ அதில். "இன்னா சாப்பிட்டியா", "வந்துனு கீறேன்", "தோ கீது பார்" என்று வீட்டில் பேசுகிற பிள்ளைகள், படம் என்றதும் "என்ன சாப்பிட்டீர்களா" என்றோ, சினிமாவில் கேட்ட மதுரைத் தமிழிலோ எழுதிவிடுகிறார்கள். நம் பேச்சைச் சினிமாவில் பெரும்பாலும் சிரிக்க வைக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனாலேயே கூச்சம் வருகிறது. அந்தக் கூச்சத்தை உடைக்க வேண்டியது நீங்கள்தான். இந்தப் பேச்சில் ஒரு அப்பா அழலாம், ஒரு பாட்டி தத்துவம் பேசலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் உருது, எல்லையோர ஊர்களில் தெலுங்கு என்று கலந்து பேசினால் அதையும் அப்படியே வையுங்கள்.

எழுதி முடித்ததும் வசனம் எல்லாவற்றையும் ஒரு முறை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை பாதிக்கு மேல் புரிந்தால் நல்ல திரைக்கதை.

நல்ல கேமரா இல்லை. போனிலேயே எடுக்கலாமா?

எடுக்கலாம், சில விஷயங்களைச் சரிசெய்துவிட்டு. போன் தானாக எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பெரிய தொல்லை. முகத்தில் வெளிச்சம் ஒரே ஷாட்டில் கூடிக் குறையும், நிறம் மாறும். கையால் அமைக்கும் வசதி உள்ள ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், பல போன்களில் வேலை செய்கிறது. அதில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோக்கஸ், வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) மூன்றையும் பூட்டிவிடுங்கள்.

நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) 50இல் ஒரு பங்கு நொடி என்று வையுங்கள். காரணம் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். கல்லூரி வகுப்பறையிலும் லாட்ஜ் அறையிலும் எடுக்கும்போது இந்தப் பட்டைதான் முதலில் கண்ணைக் குத்தும். வெளியே வெயிலில் இதே ஷட்டர் வைத்தால் படம் வெளுத்துப்போகும். அதற்கு லென்ஸின் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும். இல்லாவிட்டால் வெளிப்புறக் காட்சிக்கு மட்டும் ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், விரலால் இழுத்து ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். ஷாட்டுக்கு முன் லென்ஸைத் துடையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

எத்தனை ஷாட் எடுக்க வேண்டும்? கேமராவை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்வது?

இளநீர் வண்டிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் செய்வது, முழு காட்சியையும் ஒரு வைட் ஷாட்டில் எடுத்துவிட்டு, பிறகு இரண்டு பேருக்கும் தனித்தனியாக க்ளோஸ் எடுப்பது. இந்த முறை பாதுகாப்பானது, பழகவும் நல்லது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் யாருடைய கதை இது என்பதே தெரியாது. வியாபாரிக்கும் பையனுக்கும் ஒரே அளவு இடம் கிடைத்துவிடும்.

இது பையனின் கதை. அதனால் கேமரா பையனின் கண் உயரத்தில் இருக்கட்டும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வியாபாரி பெரியவராக, இளநீர்க் குலைகள் தலைக்கு மேலே தெரியும். அவர் முரட்டு ஆள் என்று எங்கேயும் சொல்லாமலே பையனின் தயக்கம் நமக்கு வந்துவிடும். முதல் ஷாட் தெரு முழுக்கத் தெரியும் வைட். இட்லிக் கடையும் வண்டியும் எதிரெதிரே இருப்பதும் நடுவில் பையன் நிற்பதும் அதிலேயே தெரிந்துவிட வேண்டும். அடுத்து பையன் முகம். பிறகு கையிலிருக்கும் ஒரே நோட்டு, அதை மட்டும் நெருக்கமாகக் காட்டும் இன்சர்ட் ஷாட். இந்த இன்சர்ட்டை விட்டுவிட்டால் படமே விழுந்துவிடும், ஏனென்றால் அவனிடம் வேறு பணம் இல்லை என்பது பார்க்கிறவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அப்புறம் பையனின் தோளுக்குப் பின்னாலிருந்து வியாபாரி, நம் ஆட்கள் சஜஷன் என்று சொல்லும் ஷாட். அவர் ஐந்து விரலை விரித்து விலை சொல்கிறார். மறுபடி பையன் முகம். அவன் பார்க்கும் இட்லிக் கடை, ஆவி. மறுபடி முகம். நோட்டை நீட்டுகிறான்.

ஒவ்வொரு ஷாட்டும் ஒரு புதுச் செய்தியைச் சொல்கிறது. சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாத இடத்தில் ஷாட் மாற்ற வேண்டாம். அழகாக இருக்கிறது என்பதற்காகப் பாலாற்று மணலை மேலிருந்து ட்ரோனில் எடுத்துச் சேர்ப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: பையனைப் பற்றி அந்த ஷாட் என்ன சொல்கிறது?

"லைன் கிராஸ் ஆகுது" என்கிறார்களே, அது என்ன?

பையனுக்கும் வியாபாரிக்கும் நடுவே தரையில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஷாட்டில் கேமரா கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தக் காட்சி முடியும் வரை அதே பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பையன் எப்போதும் திரையில் வலப்பக்கம் பார்ப்பான், வியாபாரி இடப்பக்கம் பார்ப்பார், இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதாகத் தோன்றும். கோட்டைத் தாண்டிப் போய் வைத்தால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள், லுக் தப்பிவிடும். வேண்டுமென்றே தாண்டுகிற இயக்குநர்கள் உண்டு. முதல் படத்தில் தாண்ட வேண்டாம். தாண்டியே ஆக வேண்டும் என்றால், கேமரா கோட்டைக் கடந்து நகர்வதை ஷாட்டிலேயே காட்டிவிடுங்கள், அல்லது கோட்டின் மேலேயே நின்று நேராக எடுத்த ஒரு ஷாட்டை நடுவில் வையுங்கள்.

வேலூர் வெயிலில் எப்படி எடுப்பது?

காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை நான்கரைக்குப் பிறகும் எடுங்கள். நடுப்பகலில் தலைக்கு நேர் மேலே வெயில் இருந்தால் கண் இரண்டும் குழியாகத் தெரியும், நடிப்பே போய்விடும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது போனும் சூடாகி நின்றுவிடும், நடிக்கிற பிள்ளையும் சோர்ந்துவிடும். பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் நிழலுக்குள் எடுங்கள். வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பினால் போதும். அறைக்குள் என்றால் ஜன்னலை ஒட்டி ஆளை உட்கார வைத்து, டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேறு விளக்கே வேண்டியிருக்காது.

ஒலியை அங்கேயே பதிவு செய்யலாமா, பிறகு டப்பிங் பண்ணலாமா?

மாணவர்கள் படங்கள் கெட்டுப்போவது முக்கால்வாசி ஒலியில்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள். பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

இடத்திலேயே பதிவு செய்ய முயலுங்கள். முகத்தில் இருக்கிற உணர்வு குரலிலும் அப்போதுதான் இருக்கும். டப்பிங்கில் அதைத் திரும்பக் கொண்டுவர அனுபவமுள்ள நடிகருக்கே கஷ்டம். இடத்திலேயே குரல் தெளிவாகப் பதிவாக ஒரே வழி, மைக் வாய்க்கு அருகில் இருப்பது. சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கை இன்னொரு போனில் மாட்டி நடிகரின் பையில் வைத்துவிட்டுப் பதிவு செய்யலாம். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒரு முறை கைதட்டுங்கள். படத்தில் கை சேரும் இடத்தையும் ஒலியில் தட்டும் இடத்தையும் எடிட்டிங்கில் பொருத்திக்கொள்ளலாம். போன் கேமராக்கள் ஃப்ரேம் வேகத்தைத் தாங்களாகவே கொஞ்சம் ஏற்றி இறக்குவதால் நீளமான ஷாட்டில் ஒலி மெல்ல விலகும். ஷாட்டைச் சின்னதாக வைத்துக்கொள்வது நல்லது.

எடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு இடத்தைக் கேளுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார், பெங்களூரு நெடுஞ்சாலை லாரி, காட்பாடிப் பக்கம் என்றால் ரயில். ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடும், ஒரு வசனத்தின் நடுவே பாட்டு மாறினால் வெட்டவே முடியாது. அந்த மாதத்தில் வசனக் காட்சிக்கு நாள் குறிக்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டுகளுக்கு நடுவே ஒலி திடீரென்று அறுந்துபோகாமல் இருக்க அதுதான் அடியில் விரிக்கிற துணி.

நடிக்க யாரைப் பிடிப்பது?

நண்பர்கள் போதும், ஆனால் வயது பொருந்த வேண்டும். இருபது வயது நண்பனுக்கு மீசையை வெள்ளையாக்கி அப்பா ஆக்காதீர்கள். நிஜமான ஒரு அப்பாவைக் கேளுங்கள். இளநீர் வியாபாரி வேடத்துக்கு இளநீர் வியாபாரியே வந்தால் அவர் அரிவாள் பிடிக்கிற விதத்தை எந்த நடிகராலும் கொண்டுவர முடியாது. அவருடைய வியாபார நேரத்துக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

"சோகமாக நில்" என்று சொல்லாதீர்கள். செய்ய ஒரு வேலை கொடுங்கள்: நோட்டை மடி, இட்லிக் கடையைப் பார், மூன்று எண்ணு, திரும்பு. நம் கதையில் பையன் பேசுவதே இல்லை என்பதால் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையனே நடிக்கலாம். அப்பாவின் அந்த ஒரு கேள்வியை மட்டும் வங்காளம் பேசுகிற ஒருவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

குழந்தையை வைத்து எடுத்தால் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள், ஒருவர் கூடவே இருக்கட்டும், பள்ளி நாளில் வேண்டாம். குழந்தை நடிகர்களை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்று சட்ட விதியே இருக்கிறது. நீங்கள் அதைவிடக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் எடுக்கலாமா? ரயில்வே ஸ்டேஷனில்?

வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. போனில் நினைவுக்குப் படம் எடுப்பது வேறு, முக்காலி வைத்து ஆட்களை நடிக்க வைத்து எடுப்பது வேறு. இரண்டாவதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். காட்பாடி ஸ்டேஷனுக்குத் தெற்கு ரயில்வேயின் அனுமதி வேண்டும். தெருவில் எடுக்கும்போது முதலில் அந்தக் கடைக்காரர்களிடம் சொல்லுங்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் ஆகும் இடமென்றால் போலீஸ் ஸ்டேஷனிலும் கல்லூரிக் கடிதத்தோடு போய்ச் சொல்லிவிடுங்கள்.

முதல் படத்துக்கு இவை எதுவும் தேவைப்படாத கதையை எழுதுவதே மேல். லாட்ஜ் அறையை நண்பரின் அறையில் உருவாக்கலாம். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் கேமராவை எடுக்கவே வேண்டாம். வைத்தியத்துக்கு வந்திருப்பவர்களின் முகம் அவர்களுக்குத் தெரியாமல் உங்கள் படத்தில் வருவது நியாயமில்லை, தெருவில் எடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

எடிட்டிங்கை எதில், எப்படிப் பழகுவது?

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே உங்களுக்கு அதிகம். கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் கேடென்லைவ் அல்லது ஷாட்கட் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். மென்பொருளின் பொத்தான்களை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். வெட்டுவது எங்கே என்பதுதான் காலம் எடுக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்துக்கொண்டு, அதே ஷாட்டை ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணோடும் சேர்த்து ஒட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று மூன்று வேறு உணர்ச்சிகள் தெரிந்தன. முகம் ஒன்றேதான். உணர்ச்சி இரண்டு ஷாட்டுக்கு நடுவே, பார்க்கிறவரின் மனதில் பிறக்கிறது.

இதை நீங்களே செய்து பாருங்கள். பையனின் முகத்தை ஒன்றும் காட்டாமல் எடுத்து, இட்லி ஆவிக்குப் பிறகு ஒட்டுங்கள், பசி தெரியும். அம்மா படுத்திருக்கும் ஷாட்டுக்குப் பிறகு ஒட்டுங்கள், கவலை தெரியும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதன் பிறகு நடிகர்களை முகத்தைச் சுளிக்கச் சொல்லவே மாட்டார்கள்.

ஒலியைப் படத்துக்கு முன்னால் கொண்டுவரவும் பழகுங்கள். பையன் இட்லிக் கடையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவன் முகத்தின் மேலேயே இளநீர் சீவும் அரிவாள் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் வண்டிக்கு வெட்டுகிறோம். முடிவு எடுத்துவிட்டான் என்பதை அந்தச் சத்தம் சொல்லிவிடுகிறது, நோட்டை நீட்டும் ஷாட்கூடத் தேவைப்படாமல் போகலாம். எடுத்த ஷாட்டைத் தூக்கிப்போட மனம் வராது. படத்துக்கு வேண்டாம் என்றால் போட்டுவிடுங்கள்.

மாடிப்படி ஏறுவது, தெருவில் நடப்பது போன்றவற்றை முழுக்க வைக்காதீர்கள். தெருவில் திரும்பினான், அறைக் கதவைத் திறந்தான், போதும். மிச்சப்படுத்திய நேரத்தைக் கடைசிக் காட்சிக்குக் கொடுங்கள். அப்பா கேட்ட பிறகு பையன் தலையாட்டும் வரை உள்ள இடைவெளியை அவசரமாக வெட்டினால் பொய்யின் கனம் போய்விடும்.

இளையராஜா பாட்டு ஒன்றைப் பின்னணியில் போடலாமா?

உரிமை இல்லாமல் போடக் கூடாது. யூடியூபில் ஏற்றிய உடனே உரிமைக் கோரிக்கை வரும், பட விழாக்களிலும் எடுக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பாட்டு ஏற்கெனவே வேறு ஒரு கதையின் நினைவைச் சுமந்துகொண்டு வருகிறது. பம்பை அடிக்கிற ஒருவரையோ, கல்லூரியில் புல்லாங்குழல் வாசிக்கிற தோழியையோ கேளுங்கள். இசையே இல்லாமல் விட்டாலும் தவறில்லை.

சிறுகதையைப் படமாக்குவதற்கும் இதே விதிதான். எழுத்தாளர் உயிரோடு இருக்கும் வரையும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகள் என்றால் இந்தத் தடை இல்லை.

எவ்வளவு செலவாகும்?

போன் இருந்தால் பெரிய செலவு சாப்பாடும் பெட்ரோலும்தான். சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காசு வாங்காமல் வருகிறவர்களுக்கு நேரத்துக்குச் சோறு போடுவது இயக்குநரின் கடமை.

இதையே படிப்பாக எடுக்க வேண்டும் என்றால்?

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று தனித்தனிப் படிப்புகள் உள்ளன. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவு. புனேயில் 1960இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியும், கொல்கத்தாவில் 1995இல் தொடங்கிய சத்யஜித் ரே நிறுவனமும் மத்திய அரசு நடத்துபவை. அங்கே இயக்கம் படிக்க எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் போதும், நுழைவுத் தேர்வு உண்டு. அதனால் இப்போது பி.காம். படித்துக்கொண்டிருப்பவர் அதை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. முடித்துவிட்டு, நடுவில் எடுத்த இரண்டு மூன்று சின்னப் படங்களோடு போகலாம்.

எடுத்த படத்தை யாரிடம் காட்டுவது?

முதலில், கதை தெரியாத ஐந்து பேரிடம். நடித்தவர்களிடமோ, எடுக்கும்போது கூட இருந்தவர்களிடமோ கேட்காதீர்கள். அவர்களுக்கு விடுபட்டதும் தெரிந்தே இருக்கும். போனைக் கையில் கொடுக்காமல், கல்லூரியில் புரொஜெக்டர் கிடைத்தால் சுவரில் போடுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டு டிவியில் போடுங்கள். ஓடும்போது திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எங்கே போனை எடுக்கிறார்கள், எங்கே முன்னால் சாய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் "நல்லா இருந்துதா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருந்தது என்றுதான் சொல்வார்கள். "என்ன நடந்தது, கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். பையன் இட்லியும் சாப்பிட்டுவிட்டு இளநீரும் வாங்கி வந்தான் என்று யாராவது சொன்னால், நோட்டு இன்சர்ட் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். அந்த ஷாட்டை அரை நொடி நீட்டிப் பாருங்கள். அப்போதும் புரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை போனையும் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் அந்த ஒரு ஷாட்டை மட்டும் மறுபடி எடுத்து வாருங்கள். கை மட்டும்தானே, பையன்கூட வர வேண்டியதில்லை. சட்டைக் கை மட்டும் அதே நிறத்தில் இருக்கட்டும்.